வராதவர்களை யார் பக்கம் எண்ணுவது?

(நீண்ட பதிவு. தொழிற்சங்க வரலாறு, தேர்தல் முறை, ஊராட்சி ஆகியவற்றில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது.)

2015 செப்டம்பர் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலைக்கு வந்தனர். கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் முந்தைய ஆண்டு 19 விழுக்காடு கொடுத்த போனஸை 10 விழுக்காடாகக் குறைத்திருந்தது. 20 விழுக்காடு போனஸ் வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 500 ரூபாயாக வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகள். வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். சில தலைமுறைகளுக்கு முன் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மலையேற்றப்பட்ட குடும்பங்களின் பெண்கள். அவர்களுள் தலித்துகளே மிகுதி. ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்னும் மூன்று பெரிய சங்கங்களுள் ஏதேனும் ஒன்றில் பெயரளவில் உறுப்பினராக இருந்தவர்கள். அந்தச் சங்கத் தலைவர்களையே அவர்கள் போராட்டக் களத்துக்குள் விடவில்லை. தங்களைப் ‘பெம்பிளை ஒருமை’ என்று அழைத்துக்கொண்டு கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். ஒன்பது நாள் சென்று, செப்டம்பர் 13ஆம் நாள் இரவு, 8.33 விழுக்காடு போனஸாகவும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையாகவும் ஆக மொத்தம் 20 விழுக்காடு என உடன்பாடு ஆயிற்று.

இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பெண்ணிய நோக்கிலும் சாதி நோக்கிலும் நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய, சட்டம் சார்ந்த ஒரு வினாவை. இந்த வேலைநிறுத்தத்துக்கு முன் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு, எத்தனை பேர் வாளாவிருந்தனர் என்று யாரும் எண்ணவில்லை. அப்படியானால் அதன் தகுதியை எதனால் அளப்பது?

அன்றிருந்த சட்டத்தின்படி இதற்கு விடை எளிது: அளக்க வேண்டியதே இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பைக் கோரவில்லை. பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டுமே முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கிற்று. சமரசப் பேச்சு, தீர்ப்பாய விசாரணை போன்றவை நடக்கும் காலத்தில் மட்டும் பொதுவான தடை உண்டு. வாக்கெடுப்பு என்னும் நிபந்தனை முழு வடிவில் வந்தது மகாராட்டிரத்தில். அம்மாநிலத்தின் 1971ஆம் ஆண்டுத் தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம், அங்கீகாரம் பெற்ற சங்கம் இருக்கும் இடத்தில், அதன் உறுப்பினர்களுள் பெரும்பான்மையோரின் வாக்கைப் பெறாமல் தொடங்கப்படும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றது. சொற்களைக் கவனிக்க வேண்டும். வாக்களித்தோருள் பெரும்பான்மை என்று அது சொல்லவில்லை. உறுப்பினர்களுள் பெரும்பான்மை என்கிறது. வராதவர் ஒவ்வொருவரும் எதிர்த்து வாக்களித்தவராக எண்ணப்படுவார்.

2002இல் இரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாம் தேசியத் தொழிலாளர் ஆணையம் இதை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது: அங்கீகாரம் பெற்ற பேச்சாளர் சங்கமே வேலைநிறுத்தத்தை அறிவிக்கலாம், அதுவும் 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு வாக்கெடுப்பில் உறுதியான பிறகே. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் இந்த வாக்கெடுப்பை ஏற்கவில்லை. ஆனால் 51 என்ற எண்ணை வேறிடத்தில் வைத்துக்கொண்டது. ஒரு நிறுவனத் தொழிலாளருள் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கமே தனிப் பேச்சாளர் சங்கம். அப்படி எதுவும் இல்லையெனில், 20 விழுக்காட்டுக்குக் குறையாத சங்கங்கள் கூடிய குழு. மூணாற்றுப் பெண்களைப் போன்றோர், அதாவது இருக்கும் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் பெயர் உள்ளவர்களாகவே அவற்றை எதிர்த்து எழுவோர், இந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் அடங்கமாட்டார்கள். 2015 அக்டோபரில் நாட்கூலியை 301 ரூபாயாக முடிவு செய்த பேச்சும், ஏற்கெனவே இடம் பெற்றிருந்த சங்கங்களை வைத்து இயங்கும் தோட்டத் தொழிலாளர் குழுவின் வழியாகத்தான் நடந்தது.

இதற்கு முன்னோடியாகப் பம்பாய் இருக்கிறது. 1982 சனவரி 18இல் தொடங்கிய நூற்பாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை இலட்சம் பேர் பங்கேற்றனர். தத்தா சாமந்தைத் தலைவராக ஏற்று அவர்கள் வெளியேறியபோது, 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி அத்துறையின் பிரதிநிதிச் சங்கம் இராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கமே. அந்தத் தகுதி இரகசிய வாக்கெடுப்பில் வந்ததன்று; உறுப்பினர் பட்டியலின் விழுக்காட்டில் வந்தது. தெருவில் இரண்டரை இலட்சம் பேர் நின்றிருக்க, சட்டத்தின் கண்ணுக்குப் பட்டியல் மட்டுமே தெரிந்தது.

எண்ணிக்கை மிகுந்தால் ஏற்பு கிடைத்துவிடும் என்று எண்ணவும் இடமில்லை. 2003 சூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1.7 இலட்சம் பேர் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ அறவுரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. பங்கேற்பின் பெருக்கம் அங்கே தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. குற்றத்தின் பருமனாகவே பார்க்கப்பட்டது. குறைவாக வந்தால் ‘ஆதரவு இல்லை’, நிறைய வந்தால் ‘நிர்வாகம் முடங்கிற்று’. எண்ணைக் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்ற விதியின் தூய வடிவத்தைப் பிரிட்டனில் காணலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்தத்துக்கு முன் இரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. 1993இல் அது முழுக்க அஞ்சல் வழி நடக்க வேண்டும் என்றாயிற்று. 2016ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், 2017 மார்ச் முதல், உறுப்பினருள் 50 விழுக்காட்டினரேனும் வாக்களித்தாலொழிய முடிவு செல்லாது என்றது. மருத்துவம், பள்ளி, தீயணைப்பு, போக்குவரத்து போன்ற முதன்மைப் பணிகளில் இன்னும் ஒரு படி: வாக்களிக்கத் தகுதியுடைய எல்லோருள்ளும் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2023ஆம் ஆண்டுச் செவிலியர் வாக்கெடுப்பு ஒன்றே போதும். கேரளத்திலிருந்து, குறிப்பாக இடுக்கி, கோட்டயம் பக்கத்திலிருந்து, பிரிட்டன் மருத்துவமனைகளுக்குச் சென்ற செவிலியர் ஏராளம். ஆகவே இது நமக்கு அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. இங்கிலாந்தில் அரச செவிலியர் கல்லூரி அவ்வாண்டு சூனில் முடித்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 84 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். வாக்குப்பதிவு ஏறத்தாழ 43 விழுக்காடு. விதிப்படி முடிவு செல்லாதாயிற்று. மொத்த உறுப்பினரில் ஆதரித்தோர் பங்கு 36 விழுக்காட்டுக்கு அருகில் வருகிறது. முதன்மைப் பணி அல்லாத வேறொரு தொழிலில் 50 விழுக்காட்டினர் வாக்களித்து அவர்களுள் 51 விழுக்காட்டினர் ஆதரித்திருந்தால், மொத்தத்தில் 25.5 விழுக்காடுதான், ஆனால் அது செல்லும். இதிலிருந்து இன்னொரு விந்தை பிறக்கிறது. 49 பேர் வந்து 49 பேரும் ‘ஆம்’ என்றால் தோல்வி. எதிர்ப்பவர் இருவர் கூடுதலாக வந்து ‘இல்லை’ என்று போட்டால் வெற்றி. எதிர்ப்பவர்க்கு அறிவுடைய செயல் வீட்டில் இருப்பதே. மக்களைப் பங்கேற்கச் செய்வதற்கென்று சொல்லி இயற்றப்பட்ட விதி, ஒரு சாராருக்குப் பங்கேற்காமைக்கான பரிசை வைத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சி 2015 பொதுத்தேர்தலில் பெற்றது 36.9 விழுக்காடு வாக்கு; வாக்குப்பதிவு 66.1 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால், தகுதியுள்ள வாக்காளருள் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர். முதன்மைப் பணிகளுள் ஆட்சி நடத்துவதும் ஒன்றென்று கொண்டால் அந்த அரசு அமைந்திருக்கவே முடியாது. 2012இல் அங்கே காவல் ஆணையர் பதவிகளுக்கு நடந்த தேர்தலில் சுமார் 15 விழுக்காட்டினரே வாக்களித்தனர். வென்றவர் அனைவரும் பதவியேற்றனர். (2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறும் சட்டம் 2025 டிசம்பரில் அங்கே நிறைவேறியிருக்கிறது.)

இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டித் தொழிற்சங்கத் தரப்பில் வழக்கமாக எழும் வாதம் இதுதான்: எங்களுக்கு வரம்பு வைத்தால் உங்களுக்கும் வையுங்கள். மேடைக்கு நல்ல வாதம். வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

வரம்பு இல்லாமையின் கொடுமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழர் வரலாற்றிலேயே அதற்குச் சான்றுகள் உள்ளன. 1994 இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்கு 2.34 விழுக்காடு. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளைப் பெற்ற ஈழ மக்கள் சனநாயகக் கட்சிக்கு அம்மாவட்டத்தின் 10 இடங்களுள் 9 கிடைத்தன. ஏறத்தாழ ஆறு இலட்சம் வாக்காளரின் பெயரால் அவர்கள் அவையில் அமர்ந்தனர். 2005 குடியரசுத் தலைவர் தேர்தலில் அதே மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளருள் வாக்களித்தோர் 8,524 பேர், 1.21 விழுக்காடு. நாடளாவிய முடிவில் மகிந்த இராசபக்சவுக்கும் இரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலான வேறுபாடு 1,80,786 வாக்குகள். வராத வாக்காளர் எண்ணிக்கையோ அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இலங்கையில் குடியரசுத் தலைவராக வேண்டியது செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல். பதிவு பெற்ற வாக்காளரில் அன்று. வராதவர் கணக்கில் இல்லை. ஆனால் அவர்கள் வராமையே கணக்கை முடித்தது.

இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்ற ஒன்று கிடையாது. 2017இல் சிறீநகர் மக்களவை இடைத்தேர்தல் 7.14 விழுக்காட்டு வாக்குப்பதிவுடன் முடிந்தது. 2024இல் சூரத்து மக்களவைத் தொகுதியில் ஒரு வாக்குக்கூடப் பதிவாகாமல், போட்டியின்றி ஒருவர் உறுப்பினரானார். 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் வந்த ‘மேற்கண்ட எவருமில்லை’ என்ற பொத்தானும், அது முதலிடம் பெற்றாலுங்கூட, அடுத்த இடத்தில் உள்ள வேட்பாளரைத் தோற்கடிப்பதில்லை. ஆக, தொழிலாளிக்கு ‘வராதவர் எல்லாம் எதிர்ப்பு’. வேட்பாளருக்கு ‘வராதவர் எவருமில்லை’.

எனினும் தேர்தலுக்கு வரம்பு வைத்தால் என்ன நேரும் என்பதை நாம் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. செர்பியா சோதித்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் பாதி வாக்காளரேனும் வர வேண்டும் என்ற விதியால் 2002இலும் 2003இலும் மூன்று முயற்சிகள் வீணாயின. 2004இல் விதியை நீக்கிய பிறகே தலைவர் அமைந்தார். அது வெறும் நிர்வாகத் தொல்லை. மதுரைக்கு வந்தால் அது வேறு முகம் கொள்கிறது.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டும் அங்கே முறையான தலைவர் இல்லை. ஆதிக்கச் சாதியினரின் அச்சுறுத்தலால் வேட்புமனுக்கள் வரவில்லை. வந்த இடங்களில் அவர்களே நிறுத்திய ஒருவர் வென்ற கையோடு பதவி விலகினார். மீண்டும் தேர்தல், மீண்டும் விலகல். 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். இப்போது இந்த ஊர்களில் பாதிப்பேர் வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்று ஒரு விதி இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மனுவைத் தடுக்க வேண்டாம், விலகல் நாடகம் வேண்டாம், மிரட்டல் வழக்கும் வராது. எண்ணிக்கையில் மிகுந்த சாதி வாக்குப்பதிவு நாளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும். அரசியல் சட்டம் கொடுத்த ஒதுக்கீட்டை விழுக்காடு ஒன்றே அடித்துப்போட்டிருக்கும், முழுச் சட்டப் பாதுகாப்போடு.

யாழ்ப்பாணத்தில் வராதவர்களுள் அஞ்சியவர் உண்டு, வெறுத்தவர் உண்டு, புலம்பெயர்ந்தவர் உண்டு, இறந்தும் பட்டியலில் நின்றவர் உண்டு. பாப்பாபட்டியில் வராமையே ஆயுதம். இவை இரண்டும் வாக்குச்சாவடிப் பதிவேட்டில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். வராமைக்குப் பொருள் கொடுக்கும் எந்த விதியும், அந்த வெற்றிடத்தை யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுக்கிறது. 1979இல் ஸ்காட்லாந்தில் தனி அவைக்கான பொதுவாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர். ஆனால் மொத்த வாக்காளரில் 40 விழுக்காடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் இடையில் செருகப்பட்ட திருத்தத்தால், 32.9 விழுக்காடு போதவில்லை என்று முடிந்தது. இறந்தவர்கள் ‘இல்லை’ என்று வாக்களித்தார்கள் என அங்கே அப்போது எழுந்த குறையில் கேலியைவிட உண்மை மிகுதி.

பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் படித்தோம். தேர்தல் பேச்சில் நாம் தொகுதியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சண்டை பகுதியில் நடக்கிறது. யாரையெல்லாம் கீழெண்ணில் சேர்ப்பது? இடுக்கி–தேனி எல்லையில் ஒவ்வொரு தேர்தலிலும் எழும் இரட்டை வாக்குப் புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளின் பெயர் மலைமேல் ஒரு பட்டியலிலும் அடிவாரத்தில் மற்றொரு பட்டியலிலும் இருக்கிறது என்பது புகார். வேலை ஒரு மாநிலத்தில், வீடும் உறவும் மற்றொரு மாநிலத்தில் என்று வாழும் மக்களிடையே இது வஞ்சனையாகவும் இருக்கலாம், வாழ்க்கை முறையின் விளைவாகவும் இருக்கலாம். அவர் ஓரிடத்தில் மட்டும் நேர்மையாக வாக்களித்தாலும், மற்றோரிடத்தில் ‘வராதவர்’ ஆகிவிடுகிறார். பட்டியலைத் திருத்தினால் ஒரு வாக்காளர்கூடக் கூடாமல் வாக்குப்பதிவு விழுக்காடு உயரும். திருத்தாவிட்டால் மக்கள் அக்கறையற்றவர்களாகத் தெரிவார்கள். இப்படிப்பட்ட ஒரு கீழெண்ணின்மேல் உரிமையை நிறுத்துவது மணலில் கல்தூண் நடுவது போன்றது.

அப்படியானால் வரம்பே எங்கும் கூடாதா என்றால், அகளியிலிருந்து பார்க்கும்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அட்டப்பாடியின் அகளி, புதூர், ஷோளயூர் ஊராட்சிகளில் இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள் பரவிக்கிடக்கின்றன. இருளர் ஊரில் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணூக்காரன் எனப் பொறுப்புகள் உண்டு. ஊர்க்கூட்டம் என்பது சட்டம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கு. சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியேற்றங்களால், இம்மலையில் பெரும்பான்மையாக இருந்த பழங்குடியினர் சிறுபான்மையாயினர். கேரள ஊராட்சிச் சட்டப்படி வார்டு அளவிலான கிராம சபைக்கு, ‘கோரம்’ என்று வழங்கும் குறைவெண் வரம்பு வாக்காளரில் 10 விழுக்காடு. அந்தப் பத்து விழுக்காட்டில் பழங்குடியினர் ஒருவர்கூட இல்லாமலேயே வார்டின் கூட்டம் நடந்து முடியலாம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இங்கேதான் கீழெண்ணை மாற்றியது. அச்சட்டத்தின் நோக்கில் கிராம சபை என்பது வார்டு அன்று; ஊர். 2008ஆம் ஆண்டு விதிகள் குறைவெண் வரம்பை மூன்றில் இரண்டு என்றன. 2012 திருத்தம் அதைப் பாதியாக்கி, வந்திருப்போருள் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றது. உரிமைக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும்போது கோரிக்கையாளருள் பாதிப்பேரேனும் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. இந்த வரம்பு யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். ஊரின் பெயரால் காட்டையும் நிலத்தையும் எழுதிக் கொடுக்க அல்லது எழுதி வாங்க வருபவரைக் கட்டுகிறது. நாலு பேரை உட்காரவைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு போவதை அது தடுக்கிறது. குறைந்தபட்சம், பின்னர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க ஒரு பிடி கொடுக்கிறது. 2013இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் 12 கிராம சபைகள் பாக்சைட்டுச் சுரங்கத்தை ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தபோது அந்த மறுப்புக்குக் கிடைத்த எடை, ஊர் ஊராக மக்கள் நேரில் கூடியிருந்ததால் வந்தது. வரம்பு இல்லாதிருந்தால் எந்த நிறுவனத்துக்கும் ஒரு சம்மதத் தாளைத் தேடிக்கொள்வது அரிதாக இருந்திராது.

(இதற்கு நம்மவர் உத்திரமேரூரைக் காட்டுவார்கள் என்று தெரியும். பராந்தக சோழன் காலக் கல்வெட்டில் குடவோலையைப் பார்த்து வியக்கும் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று, ஓலை எடுக்கும் நாளில் இளையோரும் முதியோரும் உள்ளிட்ட மகாசபை நிறையக் கூடவேண்டும், அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் எல்லோரும் தவறாது இருக்க வேண்டும் என்ற கட்டளை. அங்கே வருகை என்பது சாட்சி. ஆனால் அந்தச் சபையின் கீழெண் நிலமுடைய பிராமண ஆடவர் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி வரலாறுதான்.)

எனவே வரம்பைப் பற்றிய வினா, எத்தனை விழுக்காடு என்பதற்கு முன், முடிவின் சுமை யார்மேல் விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. ஊர்க்கூட்டத்தில் சிலர் எடுக்கும் முடிவால் வராதவர் தம் நிலத்தை இழக்கலாம், இழந்தது மீளாது. அங்கே வரம்பு வராதவர்க்குக் காவல். தேர்தலில் வரம்பு, பாப்பாபட்டி காட்டுவதுபோல, வராமல் இருக்கும் வலிமை படைத்தவர்க்கு வாள். வேலைநிறுத்தம் இவ்விரண்டிலும் சேராதது. அதற்கு வெளியிலிருந்து ஒரு வருகை விதி தேவையில்லை. அதன் இயல்பே வருகைக் கணக்கு. சிலர் மட்டும் விரும்பி அறிவித்த வேலைநிறுத்தம் மறுநாள் காலையிலேயே தோற்றுவிடும், ஏனெனில் மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். இலங்கை மலையகத்தில் ‘பிரட்டு’ என்று சொல்லும் காலைப் பெயர்ப்பதிவு, மூணாற்றிலும் ஒவ்வொரு நாளும் எழுதப்படும் வருகைப் பதிவேடு, இவைதாம் வாக்குச்சீட்டு. அதுவும் எளிய வாக்கன்று. ஒவ்வொரு நாளும் கூலியை இழந்து, லயத்து வீட்டை இழக்கும் அச்சத்தோடு மறுபடியும் மறுபடியும் போடும் வாக்கு. அஞ்சலில் வந்த ஒரு தாளில் குறியிடாதவர் எதிர்ப்பவர் என்று பிரிட்டன் சட்டம் ஊகித்தது. கொழுந்துக் காட்டுக்குப் போகாத பெண்ணைப் பற்றி ஊகிக்க ஒன்றுமில்லை.

‘பெரும்பான்மை என்ற பெயரில் வன்முறையால் பிறரைத் தடுத்தால்?’ என்ற மறுப்பு உண்டு, நேர்மையான மறுப்பு. கடையடைப்பு, ‘ஹர்த்தால்’ என்பவற்றைக் கேரளத்தில் வாழும் எவரும் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அச்சுறுத்தலுக்கு மருந்து அச்சுறுத்தல் பற்றிய சட்டம். விழுக்காட்டு வரம்பு அச்சுறுத்துபவனைத் தொடுவதே இல்லை. யாழ்ப்பாணத்தில் வாக்களிக்கவிடாமல் தடுத்த கைக்கும் அது உதவியிருக்கும்.

தேர்தல் என்னும் கருவி தம் கையில் என்ன ஆகும் என்பதையும் மூணாற்றுப் பெண்கள் பார்த்தனர். 2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை சார்பில் நின்றோர் தேவிகுளம் ஊராட்சி ஒன்றியத்தில் ஓர் இடத்தையும் கிராம ஊராட்சியில் சில இடங்களையும் வென்றனர். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் அவர்களுடைய வேட்பாளருக்கு மிகக் குறைந்த வாக்குகளே கிடைத்தன, அமைப்பும் பிளவுண்டது. ‘பார்த்தீர்களா, ஆதரவு இல்லை’ என்று சிலர் எழுதினர். நெடுஞ்சாலையில் ஒன்பது நாள் கிடைத்த வருகையை வாக்குப்பெட்டியின் அளவுகோலால் திருத்தி எழுதும் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்களேனும் கைவிடலாம். சட்டமன்ற வாக்கு கட்சி, சாதி, நலத்திட்டம், வெற்றி வாய்ப்பு என நூறு செய்திகளைச் சுமக்கிறது. கூடையை இறக்கி வைத்தது 20 விழுக்காடு என்ற ஒரு செய்தியைச் சுமந்தது.

இறுதியாகச் சட்டத்தின் இன்றைய நிலை. தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் வேலைநிறுத்த வாக்கெடுப்பு இல்லை என்றேன். ஆனால் 50 விழுக்காடு என்ற எண் வேறொரு வாயிலால் நுழைந்திருக்கிறது. ஒரு நிறுவனத் தொழிலாளருள் பாதி அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒரே நாளில் சேர்ந்தெடுக்கும் தற்செயல் விடுப்பு, வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். வராமையைப் பேச்சாகக் கேட்கும் ஒரே இடம் இது, கேட்பது தண்டிப்பதற்காக. பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் உரியது, தோட்டங்களுக்கும். அறிவிப்புக் கொடுத்த பின் 14 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது. மீறி நிறுத்தும் தொழிலாளிக்குத் தண்டத்தொகையோ ஒரு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

மூணாற்றுப் போராட்டம் தொடங்கி முடிந்தது ஒன்பது நாளில்.